அம்மா தோப்புக்கரணம் போடலாமா?

வணக்கம் அண்ணா. அம்மாவுக்கு 68 வயசு. முட்டி வலின்னு சேண்பாக்கம் பிள்ளையார் கோயில்ல தோப்புக்கரணம் போடுறதயே விட்டுட்டாங்க, குந்தி எழுந்தா முட்டி தேஞ்சிடும்னு யாரோ சொன்னாங்களாம். தம்பி ஸ்குவாட் பண்ணும்மான்றான். எது சரி?
– வாசகி, குடியாத்தம்

தங்கச்சி, தம்பி சொல்றது தான் சரி, ஆனா அவன் ஜிம்ல பண்ற மாதிரி வேணாம். வலிக்குதுன்னு உட்கார்ந்து எழுறதயே விட்டா தொடை சதை கரையும், சதை கரைஞ்சா பாரம் மொத்தமும் முட்டி மேல எறங்கும், வலி இன்னும் கூடும். எங்க வீட்ல அதான் நடந்துச்சு. வெஸ்டர்ன் டாய்லெட் வச்சோம், சாப்பாடு டேபிளுக்கு வந்துச்சு, அருவாமணை பரண் மேல போச்சு, எல்லாம் அம்மாவுக்கு நல்லதுன்னு தான் பண்ணோம். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் பாத்ரூம் கதவுக்கு வெளிய நிக்கிறேன், உள்ள அம்மா குழாய புடிச்சிகினு எழ பாக்குறாங்க, குழாய் ஆடுற சத்தம் தான் கேக்குது, ஆள் எழல. அன்னிக்கு எனக்கு வயித்த கலக்கிடுச்சு.

சேர்ல இருந்து ஆரம்பிங்க. பிளாஸ்டிக் சேர் வழுக்கும், மர சேர சுவத்துல ஒட்டி போடுங்க. கைய நெஞ்சு மேல குறுக்க கட்டிக்கணும், மூக்கு கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னாடி சாஞ்சு எழணும். முடியலன்னா முதல்ல கை ஊனிக்கட்டும், தப்பே இல்ல. உட்காரும்போது தொப்புனு விழக்கூடாது, மெதுவா எறங்குறப்ப தான் தொடைக்கு நல்ல வேலை. மூச்ச அடக்க வேணாம். நம்ம ஊர் வெயிலுக்கு காலைல 6 மணிக்கே முடிச்சிடுங்க.

கை ஊனாம 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எழுறாங்கன்னு எண்ணி பாருங்க. 65லருந்து 69 வயசு பொம்பளைங்களுக்கு 11க்கு கம்மின்னா கீழ விழுற ஆபத்து இருக்குன்னு அர்த்தம். எங்கம்மா முதல் நாள் 5 தான். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் இதான், 65 தாண்டினவங்க வாரத்துல 3 நாளாவது பேலன்ஸுக்கும் சதை பலத்துக்கும் பயிற்சி பண்ணணும்னு.

மறுநாள் தொடை சதை வலிச்சா பயப்படாதீங்க. முட்டிக்குள்ள சுருக்குனு குத்துனா, வீங்குனா, தலை சுத்துனா நிறுத்திட்டு டாக்டர பாருங்க. முட்டி ஆபரேஷன் ஆனவங்க, நெஞ்சு வலி உள்ளவங்க டாக்டர கேக்காம ஆரம்பிக்கவே கூடாது. பிள்ளையார் முன்னாடி இப்போதைக்கு பாதி குனிஞ்சா போதும், தொடை தேற தேற தோப்புக்கரணம் தானா வரும்.

போன வாரம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கிட்டு போனேன். அம்மா பரண்ல இருந்து அருவாமணைய எறக்க சொல்லி கீழ குந்தி நறுக்குனாங்க. எழும்போது சுவத்துல ஒரு கை வச்சாங்க, அவ்ளோ தான்.