அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை

அன்புத் தங்கைக்கு,

தென்காசிப் பக்கத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஏழு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறீர்கள் என்றும், துபாயில் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாதம் 3,500 திர்ஹம், தங்குமிடம், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குக் கட்டணச் சலுகை, இவ்வளவும் உண்டாம். வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் எப்படி, நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். துபாயின் கராமாப் பகுதியில் கறிவேப்பிலை முதல் கருப்பட்டி வரை கிடைக்கும். வெயில் கொளுத்துகிற ஜூலை, ஆகஸ்டில் பள்ளி மூடியிருக்கும். நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புவது அந்தச் சலுகைப் பட்டியலைப் பற்றித்தான். ஏறத்தாழ இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 2008 ஏப்ரலில் நான் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் காகிதத்தின் மடிப்புகூட எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்கள் கடிதத்தில் எல்லா விவரமும் இருக்கிறது, ஓர் எண்ணைத் தவிர. அந்த 3,500இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? இங்கே எல்லோரும் ‘பேசிக்’ என்றுதான் சொல்வார்கள். மொத்தச் சம்பளத்தை அடிப்படை, வீட்டுப்படி, போக்குவரத்துப்படி, இதர படி என்று பிரித்துத்தான் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். மாதாமாதம் கைக்கு வரும் தொகையில் அந்தப் பிரிப்பினால் ஒரு மாற்றமும் தெரியாது. வேலையை விட்டுப் போகும் நாளில்தான் தெரியும். ஏனென்றால் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்தே கணக்கிடப்படுகிறது. நம் ஊர்ப் பள்ளியில் உங்களுக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்திருப்பார்கள். இங்கே நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரு வெளிநாட்டு ஆசிரியைக்குப் பணி முடிவில் சட்டப்படி முக்கியமாக உரியது இந்தக் கிராஜுவிட்டிதான். ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் சேரும். உங்கள் அடிப்படை 1,400 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுக்கு 4,900 திர்ஹம் வரும். அதே 3,500இல் அடிப்படை 2,100 என்றால் 7,350 திர்ஹம் வரும். காகிதத்தில் ஒரு வரியை மாற்றி எழுதுவதால் வரும் வித்தியாசம் இது.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. என் முதல் பள்ளி 2,200 திர்ஹம் தந்தது. அன்றைக்கு ஒரு திர்ஹம் ஏறக்குறைய 11 ரூபாய். ஊரில் ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பெருக்கல் கணக்கு ஒன்றே போதுமாக இருந்தது. அடிப்படை 900 திர்ஹம் என்று ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததைப் படித்தேன். படித்தும் அதன் பொருள் விளங்கவில்லை. இரண்டு ஆண்டு பத்து மாதம் வேலை செய்து, 2011 பிப்ரவரியில் நானாக விலகினேன். அப்போதிருந்த பழைய சட்டத்தின்படி, காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவர் மூன்று ஆண்டு முடிவதற்குள் தானாக விலகினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். கணக்குப் பிரிவில் என் கையில் கொடுத்தது 595 திர்ஹம். ஒரு நாளைக்கு ஏழு பாடவேளை, காலை ஐந்தரை மணிக்குப் பேருந்துப் பொறுப்பு, ஞாயிறு முதல் வியாழன் வரை தவறாத வீட்டுப்பாட நோட்டுத் திருத்தம், இவை அத்தனைக்கும் சேர்த்து அந்தத் தொகை. அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் வெகுநேரம் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. உங்களுக்கு நல்ல காலம். 2022 பிப்ரவரி 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு விதி இல்லை. நீங்களாக விலகினாலும் முழுக் கணக்குத்தான். பணி முடிந்த 14 நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. என் பழைய கணக்கை இன்றைய விதியில் போட்டால் 1,785 திர்ஹம் வந்திருக்கும். ஆனாலும் அடிப்படை குறைவாக இருந்தால் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொகை சிறுத்துத்தான் போகும்.

அடுத்ததாக, பள்ளி சலுகை என்று சொல்பவற்றில் எது சட்டப்படி அவர்கள் செய்தே ஆக வேண்டியது, எது அவர்களாக மனமுவந்து தருவது என்று பிரித்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். துபாயில் வேலை தருபவர் தன் ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம். அதைச் சலுகையாக எண்ணி மகிழ வேண்டியதில்லை. அந்தக் கட்டாயம் உங்கள் ஒருவருக்கு மட்டுமே. மகள் உங்கள் விசாவில் வந்தால் அவளுக்கான காப்பீட்டை நீங்கள்தான் வாங்க வேண்டும். உங்கள் விசாச் செலவும் காப்பீட்டைப் போலப் பள்ளியின் கடமைதான். ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்பது சட்டம். என்னிடம் மாதம் 200 திர்ஹம் வீதம் பத்து மாதம் பிடித்தார்கள். எல்லோரிடமும் பிடிக்கிறார்கள் என்பதால் அது முறைதான் என்று நம்பினேன். பாஸ்போர்ட்டைப் பாதுகாப்புக்காக என்று வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிவைத்தார்கள். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அதைத் திரும்பப் பெற மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. ஊழியரின் ஆவணங்களைப் பிடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஏதாவது வேலைக்காகக் கொடுக்க நேர்ந்தால் எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆண்டுக்கு ஒரு டிக்கெட் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒன்றா, இரண்டாண்டுக்கு ஒன்றா, டிக்கெட்டாகவே தருவார்களா, ரொக்கமாகவா என்று கேளுங்கள். பள்ளி மூடும் ஜூன் கடைசியில் திருச்சிக்கும் சென்னைக்கும் கட்டணம் எப்படி ஏறும் என்பதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். 900 திர்ஹம் ரொக்கம் வாங்கிக்கொண்டு அந்த வாரத்தில் ஊருக்குப் போய்வர முடியாது.

இதைவிட முக்கியமானது கோடை விடுமுறைச் சம்பளம். சட்டம் தருவது ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள் ஊதிய விடுப்பு. பள்ளியோ ஏறத்தாழ இரண்டு மாதம் மூடியிருக்கிறது. நீங்கள் ஏப்ரலில் சேர்ந்தால் ஜூலையில் உங்கள் பணிக்காலம் மூன்றே மாதம். அந்த இரண்டு மாதங்களுக்கு முழுச் சம்பளம் உண்டா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய், ஆகஸ்டில் வங்கிக் கணக்கைப் பார்த்து அதிர்ந்த தோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தங்குமிடம் பற்றிச் சொல்கிறேன். பள்ளி தரும் தங்குமிடம் பெரும்பாலும் ஆசிரியைகள் சேர்ந்து வாழும் ஃபிளாட். துபாயின் அல் குசைஸ் பகுதியில் இரண்டு அறையில் ஆறு பேர் இருந்தோம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வெளியே போகக் கூடாது, விருந்தினர் வரக் கூடாது. தனியாக வந்த எனக்கு அங்கிருந்த காலம் ஒருவகையில் பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஆனால் உங்களுக்குக் கணவரும் மகளும் இருக்கிறார்கள். குடும்பத்தை உங்கள் விசாவில் கொண்டுவர 2019 முதல் இருக்கும் விதி, மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். காகிதத்தில் நீங்கள் தகுதி பெறுவது போலத் தெரியும். ஆனால் ஆறு பேர் வாழும் ஃபிளாட்டில் ஒரு கட்டிலைக் காட்டிக் குடும்பத்தை வரவழைக்க முடியாது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஆகவே, தங்குமிடத்துக்குப் பதிலாக வீட்டுப்படியாகத் தருவீர்களா, எவ்வளவு, எந்த மாதம் முதல் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். மகளின் கட்டணச் சலுகை எத்தனை விழுக்காடு, படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமா, பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உண்டா, முதல் ஆண்டிலேயே உண்டா, நடுவில் விலகினால் கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடிப்பார்களா என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. என்னுடன் பணியாற்றிய ஓர் அறிவியல் ஆசிரியை, வேறு பள்ளியில் ஆயிரம் திர்ஹம் அதிகமாகக் கிடைத்தும், இரண்டு பிள்ளைகளின் சலுகைத் தொகையைத் திருப்பிக் கட்ட வழியில்லாமல் மூன்று ஆண்டு அங்கேயே இருந்தார்.

இங்கே வந்தபின் நீங்கள் இன்னொன்றைக் கவனிப்பீர்கள். ஆசிரியைகளில் பலர் கணவர் விசாவில் இருப்பவர்கள். அவர்களுக்குத் தங்குமிடமும் டிக்கெட்டும் தருவதில்லை. கணவரின் நிறுவனம் தருகிறது என்பது பள்ளியின் வாதம். வீட்டில் சும்மா இருப்பதைவிட இது மேல் என்று மிகக் குறைந்த சம்பளத்துக்கு அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். நல்ல ஆசிரியைகள்தான், என் மகனுக்குத் தமிழ் கற்பித்தவர் அவர்களில் ஒருவர். ஆனாலும் எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. அவர்கள் ஏற்றுக்கொள்ளும் தொகையே பள்ளியின் அளவுகோலாகிவிடுகிறது. தனியாக வந்து குடும்பத்தைத் தாங்குபவளுக்கும் அதே தொகையைத்தான் நீட்டுகிறார்கள். அவர்களுக்கும் கிராஜுவிட்டியும் மகப்பேறு விடுப்பும் சட்டப்படி உண்டு. 60 நாள் மகப்பேறு விடுப்பில் 45 நாளுக்கு முழுச் சம்பளமும் 15 நாளுக்கு அரைச் சம்பளமும் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் விலகிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

நம் தமிழர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூலையில் ஊருக்கு வந்து நகையும் வாசனைத் திரவியமும் காட்டுகிறவர்களில் ஒருவர்கூடத் தம் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று சொல்வதில்லை. நான் புறப்படும் முன் மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் புர்ஜ் துபாய் (இன்றைய புர்ஜ் கலீஃபா) எவ்வளவு உயரம் எழும்பிவிட்டது என்றுதான் சொன்னார்கள். சம்பளத்தைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தின் விலையை அடுத்து வருகிறவள் கொடுக்கிறாள். எனக்கு வழிகாட்டியவர் காசர்கோட்டைச் சேர்ந்த ஒரு சேச்சி. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு நீலக் கோப்பில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கட்டிலில் அந்தக் கோப்பை விரித்துவைத்து, எது என் உரிமை என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம்தான் மலையாளமும் கற்றேன். 2009 செப்டம்பரில் மெட்ரோ திறந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து போய்வந்தோம். திரும்பும் வழியில், ‘அடுத்த பள்ளியில் சேரும்போது முதலில் பேசிக்கைக் கேள்’ என்றார். கேட்டேன். இரண்டாம் பள்ளி 1,200 என்றது. நான் 1,800க்குக் குறையாமல் நின்றேன், தந்தார்கள். இன்று ஷார்ஜா அல் நஹ்தாவில் இருந்து நானே காரோட்டிக்கொண்டு அதே பள்ளிக்குப் போகிறேன். துறைத் தலைவியாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும், அவர்கள் விரும்பினால், உட்கார்ந்து படித்துக்கொடுக்கிறேன்.

ஏஜென்டுக்கு எவ்வளவு தரலாம் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். நான் 60,000 ரூபாய் கொடுத்தேன், கொடுத்திருக்கக் கூடாது. இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். விசிட் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஏறாதீர்கள். உங்கள் பட்டமும் பி.எட்.டும் சென்னையில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்று சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். துபாய்த் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் கே.எச்.டி.ஏ. உங்கள் நியமனத்தை ஏற்க வேண்டும். சான்றொப்பச் செலவைப் பள்ளி திருப்பித் தருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டியூஷன் எடுத்து ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால், 2023 டிசம்பர் முதல் அதற்கென்று தனி அனுமதிச் சீட்டு இருக்கிறது. அது இல்லாமல் எடுப்பது குற்றம்.

எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற கேள்விக்கு, மேலே சொன்ன விவரங்கள் தெரியாமல் நான் ஓர் எண்ணைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆஃபர் லெட்டரின் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாக இரண்டாம் பக்கத்தைப் படித்து, அடிப்படைச் சம்பளம், கோடை மாதச் சம்பளம், வீட்டுப்படி, மகளின் சலுகை நிபந்தனை ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால், வெள்ளி மதியம் பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா