அடங்காத சீமாட்டிகள்: ரீஜென்சி காதல் நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

லண்டன் மேட்டுக்குடியில் பிறந்து, ஊர் வாய்க்கு அஞ்சாமல் நடக்கும் ஒருத்தியை நாயகியாக வைத்த சரித்திரக் காதல் நாவல்களை இருபது வருஷமாகப் படிக்கிறேன். படித்து முடித்ததும் "இதெல்லாம் நிஜமாக நடக்குமா?" என்று தேடிப்போகும் வழக்கம் உண்டு. அப்படித் தேடியதில் அந்தக் காலத்துச் சட்டமும் சம்பிரதாயமும் கொஞ்சம் பிடிபட்டன. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

ரீஜென்சி என்பது சரியாக எந்தக் காலம்?

1811 முதல் 1820 வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்துப்போக, மகன் 'ரீஜென்ட்' என்ற பட்டத்தோடு ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். மொத்தமே ஒன்பது வருஷம்தான். நாவல்களை நம்பினால் அந்த ஒன்பது வருஷமும் லண்டனில் தெருவுக்கு நாலு இளம் டியூக்குகள் (பிரபுக்களில் உச்சப் பட்டக்காரர்கள்) பெண் தேடி அலைந்திருக்க வேண்டும்.

நான் படிக்கும் கதையில் நாயகிக்கு ஆல்மாக்ஸில் அனுமதி மறுக்கிறார்கள். குடும்பமே இழவு வீடு போல ஆகிவிடுகிறது. ஒரு நடன மண்டபத்துக்கு இத்தனை பயமா?

பயம் நியாயமானதுதான். செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் கிங் தெருவில் இருந்தது ஆல்மாக்ஸ். சீசனில், அதாவது மேட்டுக்குடிகள் லண்டனில் கூடும் மாதங்களில், புதன்கிழமை தோறும் நடனம். பணம் இருந்தால் மட்டும் டிக்கெட் வாங்கிவிட முடியாது. 'பேட்ரனஸ்' என்ற சீமாட்டிகள் சிலர் கூடி உட்கார்ந்து, யாருக்கு வவுச்சர் (அனுமதிச் சீட்டு) தரலாம், யார் பெயரை அடிக்கலாம் என்று முடிவு செய்வார்கள். பட்டம் பெற்ற குடும்பங்களுக்கே கதவு திறக்காமல் போனதுண்டு.

உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்கிறீர்கள்? மெல்லிசாக நறுக்கி வெண்ணெய் தடவிய ரொட்டி, எலுமிச்சை ஜூஸ், தேநீர். மது கிடையாது. யாரும் சாப்பாட்டுக்காகப் போகவில்லை, வரன் பார்க்கத்தான் போனார்கள். வவுச்சர் இல்லாத பெண் என்றால் அவளிடம் ஏதோ குறை என்று ஊர் முடிவு கட்டிவிடும். கரோலின் லாம்ப் சீமாட்டி 1816ல் வெளியிட்ட நாவலில் பேட்ரனஸ்களில் ஒருவரான ஜெர்சி சீமாட்டியை நையாண்டி செய்தார். ஜெர்சி சீமாட்டி அவருக்கு ஆல்மாக்ஸ் கதவைச் சாத்திவிட்டார். கரோலினின் கணவர் பின்னாளில் பிரதமரே ஆனவர். அந்த வீட்டு மருமகளுக்கே இந்தக் கதி.

காதலர்கள் எதற்கெடுத்தாலும் கிரெட்னா கிரீனுக்கு ஓடுகிறார்களே? அங்கே அப்படி என்ன இருக்கிறது?

எல்லைக்கோடு இருக்கிறது. 1753ல் இங்கிலாந்தில் வந்த திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர்கள் திருச்சபையிடம் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்யத் தகப்பன் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. அந்தக் காலத்தில் அங்கே இரண்டு சாட்சிகள் முன்னால் "இவர் என் கணவர், இவள் என் மனைவி" என்று சொன்னாலே கல்யாணம்தான். எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் கிரெட்னா.

நாவல்களைவிட நிஜத்தில் நடந்த ஓட்டம் ஒன்று இருக்கிறது, கேளுங்கள். ராபர்ட் சைல்ட் என்று லண்டனில் பெரிய பேங்கர். ஒரே மகள் சாரா. வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவுக்கு அவள்மேல் ஆசை. அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. 1782ல் இருவரும் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே பறந்தார்கள், அப்பா பின்னாலேயே துரத்தினார். அவர் வண்டி கிட்டே நெருங்கியபோது பிரபு தரப்பில் அவருடைய குதிரையைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்று கதை உண்டு. கல்யாணம் நடந்துவிட்டது.

நாவல் என்றால் அப்பா மனமிரங்கி ஆசீர்வதிப்பதோடு முடியும். இந்த அப்பா வக்கீலைக் கூப்பிட்டார். மருமகனின் பட்டத்துக்கு வாரிசான மூத்த பேரனுக்குச் சல்லிக்காசு போகாதபடி உயில் எழுதினார். அதே வருஷம் இறந்தும் போனார். அந்தச் சொத்தெல்லாம் கடைசியில் சாராவின் மூத்த மகளுக்கு வந்து சேர்ந்தது. அவள்தான் மேலே சொன்ன ஜெர்சி சீமாட்டி! ஓடிப்போனவளின் மகள், வளர்ந்து, ஊரில் யார் கௌரவமானவர் என்று சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். இதை நாவலில் எழுதினால் எடிட்டர் "நம்பும்படி இல்லை" என்று வெட்டிவிடுவார்.

ஜெர்சி சீமாட்டிக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது?

பணத்திலிருந்து. 1806ல் தாத்தாவின் பேங்கில் மூத்த பங்குதாரர் ஆனார். 1867ல் இறக்கும்வரை அந்த இடத்தை விடவில்லை. ஓயாமல் பேசுவார் என்பதால் ஊர் வைத்த பட்டப்பெயர் 'மௌனம்'.

கல்யாணமான பெண்ணுக்குச் சொத்துரிமையே இல்லை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இவருக்கு மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. பொதுச் சட்டத்தில் கல்யாணம் ஆன நிமிஷமே மனைவியின் பணமும் நகையும் கணவனுடையவை. இது முழுதாக மாற 1882 வரை ஆனது. ஆனால் பணக்காரக் குடும்பங்கள் வக்கீல் வைத்துச் சுற்றுவழி தேடின. சொத்தைத் தருமகர்த்தாக்கள் பெயரில் கட்டிவைத்து, வருமானம் பெண்ணுக்கு மட்டும் என்று பத்திரம் எழுதுவார்கள். ஆகவே நாயகி கணவனை எதிர்த்துப் பேசும் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது ஒன்றுதான்: கல்யாணப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? கதாசிரியர் அதைச் சொல்லாவிட்டால் அந்தத் துணிச்சல் எனக்கு ஒட்டுவதில்லை.

அந்தச் சமூகத்தில் கை கால் வீசி நடக்க முடிந்தவள் வசதியுள்ள விதவை. தனி வருமானம், தனி வீடு, கேள்வி கேட்கத் தகப்பனும் இல்லை, கணவனும் இல்லை. நம் ஊர் நினைப்போடு படித்தால் இது சட்டென்று உறைக்காது.

பிடிக்காத கணவனை விவாகரத்து செய்ய முடியுமா?

மறுமணம் செய்யும்படியான முழு விவாகரத்துக்கு 1857 வரை பார்லிமெண்டில் தனிச் சட்டமே போட வேண்டும். அப்படிக் கேட்டு வென்ற பெண்கள் மொத்தம் நாலே பேர். முதலாமவர் ஜேன் அடிசன், 1801ல். நாயகி மூன்றாம் அத்தியாயத்தில் விவாகரத்து வாங்கினால் புத்தகத்தை மூடிவிடலாம்.

தமிழில் ஒரு ரீஜென்சி கதை எழுதிப் பார்க்கிறேன். 'லேடி' என்பதற்கு எல்லா இடத்திலும் 'சீமாட்டி' போடலாமா?

போடலாம், ஆனால் எந்தப் பெயரோடு ஒட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். ஏர்ல் என்ற பிரபுப் பட்டக்காரரின் மகள் என்றால் சொந்தப் பெயரோடு வரும்: சாரா சீமாட்டி (ஓடிப்போன சாரா இல்லை, அதே பெயர் கொண்ட அவள் மகள்). அவளே கல்யாணமாகிக் கணவருக்கு ஏர்ல் பட்டம் வந்ததும் ஜெர்சி சீமாட்டி. சொந்தப் பெயர் காணாமல் போய்விடும். கிண்டலுக்கு இடமிருந்தால் 'சீமாட்டியம்மா'வும் நன்றாகத்தான் இருக்கிறது.

கல்யாணமே வேண்டாம் என்று கிளம்பிய நிஜப் பெண் உண்டா?

ஹெஸ்டர் ஸ்டான்ஹோப். பிரதமர் வில்லியம் பிட்டின் அக்கா மகள், அவர் வீட்டை நிர்வகித்தவர். மாமா இறந்ததும் அரசு வருஷத்துக்கு 1,200 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. 1810ல் கப்பல் ஏறியவர் திரும்பவே இல்லை. துருக்கிய ஆண்கள் உடை போட்டுக்கொண்டு குதிரையில் சுற்றினார், 1813ல் சிரியாப் பாலைவனத்தில் இருக்கும் பழைய நகரமான பல்மைராவுக்குள் நுழைந்தார். 1839ல் லெபனான் மலையில் கடனோடு இறந்தார். இவரிடமும் முதலில் அந்த 1,200 பவுண்டைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். நாயகி நடனத்தின்போது காதல் கடிதத்தைப் பாக்கெட்டில் ஒளிக்கிறாள். சரியா?

அந்த மெல்லிய மஸ்லின் கவுனுக்கு மார்புக்குக் கீழேயே இடுப்பு. உள்ளே பை கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். அதனால்தான் கையில் சின்னச் சுருக்குப்பை வந்தது. கையுறைக்குள் செருகச் சொல்லுங்கள்.