விருதுக்கு 22,000 ரூபாயா? முதலில் வசூலித்ததைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். கூவம் கரையிலிருந்து இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். லிஃப்ட் ஓடாத நாளில்கூட ஏழு மாடி ஏறி வந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்தவர். அவருக்கு ஒரு தேசிய விருது வாங்கித் தர வேண்டும் என்று பிளாக்கில் எல்லோருக்கும் ஆசை. 'ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது' ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் 22,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார். பாதி வசூலாகிவிட்டது. கொடுக்கலாமா? நாங்களே விண்ணப்பிக்க முடியாதா?

பதில்: கொடுக்காதீர்கள். வசூலித்ததை அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

செவிலியர்களுக்குப் பாடம் நடத்தியும், அவர்களுடைய விருதுக் கோப்புகளை எழுதிக் கொடுத்தும் பல வருடம் ஓட்டியவள் நான். எனக்குத் தெரிந்து, உண்மையான எந்த அரசு விருதுக்கும் கட்டணம் கிடையாது. பதிவுக்கும் கிடையாது, கேடயத்துக்கும் கிடையாது, 'டெல்லி செலவு' என்றும் எதுவும் கிடையாது. பணம் கேட்ட அந்த நிமிடமே அது விருது இல்லை, வியாபாரம்.

அந்த மனிதர் சொல்லும் பெயரில் ஒரு விருது இருப்பது உண்மைதான். அதனால்தான் ஏமாற்றுவது சுலபமாகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 1973இல் தொடங்கிய தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது அது. குடியரசுத் தலைவர் தம் கையால் கொடுப்பார். ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், சான்றிதழ். 2024இல் நாடு முழுவதும் சேர்த்து 15 பேருக்குத்தான் கொடுத்தார்கள், 2025லும் அதே 15. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு கொடுக்கும் நைட்டிங்கேல் பதக்கம் வேறு. 1912இல் ஏற்படுத்தப்பட்டது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டைத் தவிர நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரை யார் வேண்டுமானாலும் ஒரு கேடயத்தில் அச்சடித்துக்கொள்ளலாம். மே 12, அவர் பிறந்த நாள், உலக செவிலியர் தினம். அந்த வாரம் முழுக்க இந்த ஊரில் ஹோட்டல் ஹால்களுக்குக் கிராக்கி. முன்னால் ஒரு பேனர், பெயரில் 'இன்டர்நேஷனல்' என்ற வார்த்தை, ஓரத்தில் நாலு சிங்கச் சின்னம், மேடையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், அவருக்கும் விவரம் தெரியாது. வரிசையில் அறுபது செவிலியர்கள், தலைக்கு இவ்வளவு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூன்று மாதச் சீட்டுப் பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு ஒரு கண்ணாடிக் கேடயத்தோடு வந்தார். அதில் அவர் பெயரே தப்பு. திருத்திக் கேட்டதற்கு 'மறு அச்சுக் கட்டணம்' கேட்டார்களாம்.

அடுத்த படி கௌரவ டாக்டர் பட்டம். 2023இல் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தையே வாடகைக்கு எடுத்துப் பிரபலங்களுக்குப் போலிப் பட்டம் கொடுத்த கூத்து நடந்தது, பல்கலைக்கழகமே போலீஸில் புகார் கொடுத்தது. பிரபலங்களுக்கே அந்தக் கதி. அசோகச் சக்கரம், நாலு சிங்கம் பார்த்து மயங்க வேண்டாம். தேசியச் சின்னத்தைத் தனியார் இஷ்டத்துக்குப் போடக்கூடாது என்று 2005லேயே சட்டம் இருக்கிறது. நோட்டீஸில் அந்தச் சின்னத்தைப் போட்டிருந்தால் சந்தேகம் கூடத்தான் வேண்டும்.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அந்த அம்மா அரசு ஊழியர். முன் அனுமதி இல்லாமல் தன்னைப் பாராட்டும் கூட்டத்துக்குப் போவதையும் பாராட்டுப் பத்திரம் வாங்குவதையும் அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஏற்பதில்லை. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது யாராவது பொறாமையில் ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும். விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை, அது முற்றினால் 17(ஆ), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, ஓய்வூதியக் கோப்பு நகராது. முப்பது வருடம் ஊசி போட்ட கைக்கு அதுவா பரிசு? பிரிவு உபசாரம் மாதிரி நாலு பேர் கூடி எளிமையாகச் செய்வதற்கு விலக்கு உண்டு. அதை ஓய்வு பெறும் நாளில் தாராளமாகச் செய்யுங்கள்.

சரி, நேர்வழி என்ன?

தேசிய விருது துறை வழியாகத்தான் போகும். குடியிருப்போர் சங்கம் நேராக டெல்லிக்கு எழுதினால் அது பாராட்டுக் கடிதமாகப் போய்ச் சேரும், பரிந்துரை ஆகாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர், அப்புறம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகம், அதற்கு மேல் மாநிலம், கடைசியில் டெல்லி. அதே தேனாம்பேட்டை வளாகத்தில் மருத்துவப் பணிகள் இயக்குநரகமும் இருக்கிறது. தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைச் செவிலியர்கள் அதன் கீழ் வருவார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருப்பவர்கள் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்குநரகத்துக்கு. உங்கள் செவிலியர் பொது சுகாதாரத் துறை. தப்பான மாடியில் கொடுத்த தபால் மாதக்கணக்கில் தூங்கும், எழுப்ப ஆள் கிடையாது.

இன்னொன்று, முகவரியில் சென்னை என்றுதான் எழுதுகிறீர்கள். ஆனால் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்று பிரயோஜனம் இல்லை, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை. கூவம் கரையில் இருந்தவரை நீங்கள் சென்னைவாசி. கொண்டுவந்து இறக்கிவிட்டு மாவட்டத்தையும் மாற்றிவிட்டார்கள்.

பிரிவு விஷயத்தில் கவனம். இந்த விருதில் துணைச் செவிலியர், பெண் சுகாதாரப் பார்வையாளர், பதிவு பெற்ற செவிலியர் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.என்.எம்., எல்.எச்.வி., ஆர்.என். என்பார்கள். கிராம சுகாதார செவிலியர் ஏ.என்.எம். பிரிவில் வருவார். பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு பெற்றிருந்தால் எல்.எச்.வி. பெரிய பதவியாகத் தெரியட்டும் என்று 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று எழுதித் தொலைத்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன், முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். மயிலாப்பூர் சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மற்ற நிபந்தனைகள் அந்தந்த வருடச் சுற்றறிக்கையில் இருக்கும். பணியில் இருக்கும்போதே போட வேண்டியது என்பதால் இந்த வருடச் சுற்றறிக்கையை விட்டால் அடுத்தது அவருக்கு உதவுமா என்பது சந்தேகம். அந்தச் சுற்றறிக்கை எப்படி வரும் தெரியுமா? கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால், வாட்ஸ்அப்பில், 'மிக அவசரம்' என்று. அந்த மூன்று நாளில் புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிகளைப் பதியும் 'பிக்மி' இணையதளத்தில் பதிவேற்றம், காய்ச்சல் கணக்கெடுப்பு. செவிலியர் தன்னைப் பற்றி எழுத எப்போது உட்காருவார்? மருத்துவ அலுவலர் 'பரிந்துரைக்க யாரும் இல்லை' என்று ஓர் அறிக்கை அனுப்பிவிடுவார், இந்த 'நில்' (Nil) அறிக்கை எங்கள் துறையின் தேசிய கீதம். 1939லேயே பொது சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டத்தை வீடு வீடாகக் கொண்டுபோனவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் உதவ முடியும். கோப்பை முன்கூட்டியே தயார் செய்து கொடுங்கள். ஐந்நூறு பேர் கையெழுத்து வாங்க வேண்டாம், அதை ஒருவரும் படிப்பதில்லை. ஆறு பேர், ஆளுக்கு ஒரு பக்கம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'தன்னலமற்ற தியாகச் சுடர்' என்று எழுதினால் தேர்வுக் குழு அடுத்த தாளுக்குப் போய்விடும். இந்த பிளாக்கில் எத்தனை வீடு, குடியேறி வந்தபோது எத்தனை குழந்தைகளிடம் தடுப்பூசி அட்டையே இல்லை, அதில் எத்தனை பேரைத் தேடிப் பிடித்தார், எத்தனை மாதத்தில். பழைய முகவரியிலேயே பதிவு தங்கிப்போய் பிக்மி எண் கிடைக்காமல் அலைந்த கர்ப்பிணிக்கு என்ன செய்தார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழில் எவ்வளவு இழுபறி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இரவில் வலி எடுத்தபோது 108 வரும்வரை யார் கூட நின்றார், எந்தத் தேதி. இப்படி எழுத வேண்டும். எண்ணிக்கைகளை அவருடைய பதிவேட்டோடு ஒப்பிட்டு மருத்துவ அலுவலர் கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பு. காசநோயாளி, எச்.ஐ.வி. உள்ளவர் யாருடைய பெயரும் படமும் அதில் வரக்கூடாது. நன்றி சொல்லப் போய் அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம்தான். மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில், 800 வார்த்தைக்குள், காசு இல்லாமல். ஆனால் அரசு ஊழியர்களுக்குப் பத்ம விருது கிடையாது என்பது விதி. விலக்கு யாருக்கு? மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும். ஒரே சுகாதார நிலையத்தில், ஒரே கூரையின் கீழ், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் தகுதியானவர், வெயிலில் அலையும் செவிலியர் தகுதி இல்லாதவர். இதை எழுதியவர் எவரோ, ஒரு நாள் அவரைப் பெரும்பாக்கத்து ஏழாவது மாடிக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

அப்படியானால் சாந்தி தெரசா லக்ரா எப்படி வாங்கினார் என்று உங்கள் பிளாக்கில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அந்தமான் அரசு சுகாதாரத் துறையில் துணைச் செவிலியர் அவர். லிட்டில் அந்தமானில் டுகாங் க்ரீக் என்ற இடத்தில் ஓங்கே பழங்குடியினர் நடுவில் பல வருடம் வேலை பார்த்தார். அந்த இனத்தின் மொத்த எண்ணிக்கையே நூற்றுச் சொச்சம்தான். 2004 டிசம்பர் சுனாமி வந்தபோது அவர்களோடு அவரும் காட்டுக்குள் மேட்டுப் பகுதிக்கு ஓடினார், அங்கேயே இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டார். முதலில் நைட்டிங்கேல் விருது, அப்புறம் 2011இல் பத்மஸ்ரீ. அரசு ஊழியராக இருந்துகொண்டேதான். ஆக, விதி இருந்தாலும் வளைந்திருக்கிறது. ஆனால் அதை வளைத்தது 22,000 ரூபாய் கேட்ட ஒருவர் அல்ல. அழிவின் ஓரத்தில் நிற்கும் ஓர் இனத்தைக் காத்த வேலை. அதைக் காட்டி 'நமக்கும் விலக்கு கிடைக்கும்' என்று இப்போதே படிவம் நிரப்பினால் நிராகரிப்புதான் மிஞ்சும். உங்கள் செவிலியர் ஓய்வு பெற்ற மறுநாள் அவர் அரசு ஊழியர் இல்லை, அப்போது விதியும் குறுக்கே நிற்காது. அந்த 800 வார்த்தையை இப்போதே எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில அளவிலும் வழி இருக்கிறது. துணிவுக்கும் சாகசத்துக்கும் கொடுக்கும் கல்பனா சாவ்லா விருதை 2024 சுதந்திர தினத்தன்று நீலகிரியைச் சேர்ந்த செவிலியர் சபீனா கோட்டையில் வாங்கினார். வயநாடு நிலச்சரிவில் ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கிப் போய் அக்கரையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தவர். ஐந்து லட்சம் ரூபாயும் பதக்கமும். ஆனால் அது ஒரு துணிச்சலான செயலுக்கான விருது, முப்பது வருடம் தினமும் மாடி ஏறியதற்கு அதில் இடம் இல்லை.

உங்களுக்கு உடனே கைகூடக்கூடியது மாவட்ட ஆட்சியர் சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடுக்கும் நற்சான்றிதழ். சின்னதுதான், பணம் கிடையாது. ஆனால் அரசாங்கமே கொடுப்பது, நடத்தை விதி தொல்லை இல்லை, பெரிய விருதின் கோப்பில் இணைக்கவும் உதவும். ஜூன் மாதமே மாவட்ட சுகாதார அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 'பார்த்துக்கலாம் சார், வெச்சிட்டுப் போங்க' என்று சொன்னால் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அம்மாவிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் 'சர்ப்ரைஸ்' கொடுக்கப் போனால் பணிப் பதிவேட்டு விவரம், பதிவு எண் ஒன்றும் கிடைக்காது. அவர் 'எதுக்குப்பா இதெல்லாம்' என்பார். முதல் தடவை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள். புதன்கிழமை மத்தியானம், தடுப்பூசிக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். மாதக் கடைசியில் மட்டும் போகாதீர்கள், அறிக்கை அனுப்பும் அவசரத்தில் அங்கே ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள்.