போ பிஷெட் போகலாமா? (2025 இறுதியில், போ இன்னும் எந்த அணியோடும் கையெழுத்திடாதிருந்தபோது எழுதியது)

வணக்கம் அண்ணா,

ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். 2025 நவம்பர் 1ஆம் திகதி இரவு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸிடம் தோற்றதிலிருந்து இன்னும் மீளவில்லை. அதற்குள் நம் ஷோர்ட்ஸ்டொப் ஆட்டக்காரர் போ பிஷெட்டின் பிரச்சினை. அணி கொடுத்த 22 மில்லியன் டொலர் ஒரு வருட ஒப்பந்தத்தை அவர் வேண்டாம் என்றுவிட்டார். விளாடிக்கு (விளாடிமிர் குரேரோ ஜூனியர்) 500 மில்லியன் கொடுத்தவர்கள், பந்துவீச்சாளர் டிலன் சீஸுக்கு 210 மில்லியன் கொடுத்தவர்கள், இவர் விஷயத்தில் ஏன் இழுத்தடிக்கிறார்கள்? இல்லை, இவருக்குத்தான் காசு ஆசையா? எங்களிடம் வளர்ந்த பிள்ளை, கொஞ்சமாவது விசுவாசம் வேண்டாமா? யாங்கீஸுக்குப் போனால் நான் மன்னிக்கவே மாட்டேன். இங்கே ஆட வரும்போது வாயில் வருவதையெல்லாம் சொல்லிக் கத்துவேன்.

இன்னொன்று, நல்ல ஆட்களை எல்லாம் டொட்ஜர்ஸ் வாங்கிக்கொண்டு போகிறது. ஒரு அணி கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வராவிட்டால் இந்த விளையாட்டு செத்துவிடும் என்பது என் கருத்து.

அப்பா கிரிக்கெட் ரசிகர். "ஏலம் போட்டால் ஒரு நாளில் முடியிற அலுவலை ஏன் மாதக்கணக்காக இழுக்கிறாங்கள்?" என்று கேட்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

க., மார்க்கம்

அன்புள்ள தம்பி,

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஐபிஎல் ஏலத்தில் தான் எந்த ஊரில் ஆடப்போகிறேன் என்று வீரர் முடிவு செய்வதில்லை. யார் கடைசிவரை கை தூக்குகிறாரோ அவரோடு போகவேண்டியதுதான். இங்கே ஃப்ரீ ஏஜென்ட் ஆன ஒருவர், அதாவது எந்த அணியோடும் பேசச் சுதந்திரம் கிடைத்தவர், வந்த அழைப்புகளை எல்லாம் மேசையில் பரப்பிவைத்து, மனைவியோடும் முகவரோடும் கதைத்து, தானே முடிவெடுக்கிறார். அதற்கு நாள் எடுக்கும். எடுக்கட்டும்.

போ விஷயத்தில் அது இன்னும் பொருந்தும். 2016 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில், ரொறன்ரோ அவரை எடுத்தபோது அவருக்கு வயது 18. எந்த அணி வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. 2019 ஜூலையில் பெரிய லீக்குக்கு வந்தார். அன்றிலிருந்து 2025வரை அவருடைய உரிமை அணியிடம் இருந்தது. 27 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கே வேலை செய்வது என்று தெரிவு செய்யும் சந்தர்ப்பம் வந்திருக்கிறது. அந்த ஒரு சந்தர்ப்பத்தில் நாலு இடத்தில் விலை கேட்டால் அது பேராசையா? 22 மில்லியனை மறுத்ததில் ஒன்றுமே இல்லை. பல வருட ஒப்பந்தம் கிடைக்கும் நிலையில் உள்ள எவரும் மறுப்பதுதான் வழக்கம். அணியும் அது தெரிந்துதான் கொடுக்கிறது. அவர் வேறெங்கும் கையெழுத்திட்டால் ரொறன்ரோவுக்கு டிராஃப்டில் ஒரு தெரிவு கிடைக்கும், அதற்காக.

விசுவாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2021இலும் 2022இலும் அமெரிக்கன் லீக்கிலேயே அதிக ஹிட் எடுத்தவர் போ. 2024இல் காயமும் சேர்ந்து அவருடைய அடி சராசரி .225க்கு இறங்கியது. அப்போது "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று கத்தியது இதே ரசிகர் கூட்டம்தான். ஒரு பிழையான வருடத்தைத் தாங்காத நாம், நல்ல வருடம் ஒன்று முடிந்ததும் விசுவாசம் கேட்கிறோம்.

அந்தச் சொல்லுக்குப் பேஸ்போலில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. கேர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் செயின்ட் லூயிஸில் 12 வருடம் ஆடினார். 1969 ஒக்டோபரில் அவரை பிலடெல்பியாவுக்கு ட்ரேட் பண்ணினார்கள். அந்தக் காலத்து விதிப்படி அணி விடும்வரை ஆள் அணிக்குச் சொந்தம், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் சொந்தம். மாட்டேன் என்றால் வீட்டில் இருக்கவேண்டியதுதான். அந்த வருடம் டிசம்பர் 24ஆம் திகதி ஃபிளட் ஆணையாளர் பௌவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து இல்லை என்பது அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் 5க்கு 3 என்று தோற்றது. 1970 முழுக்க அவர் ஆடவில்லை. 1971இல் வோஷிங்டனுக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டு விலகினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது அவருடைய ஆட்ட வாழ்க்கை. வாசல் திறந்தது 1975 டிசம்பர் 23ஆம் திகதி, மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் கொடுத்த தீர்ப்பில். ஃபிளட்டுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

ஆக, "அந்தக் காலத்தில் ஒரே அணியில் கடைசிவரை ஆடினார்கள்" என்று பழைய ஆட்கள் சொல்லும்போது நான் சிரித்துக்கொள்வேன். ஆடாமல் எங்கே போவது?

சரி, அணி ஏன் இழுக்கிறது? எனக்கு அதில்தான் கோபம், உங்களுக்குப் போவின்மேல் இருப்பதைவிடக் கூட. இந்தப் படத்தை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2016 ஒக்டோபரில் நம் எட்வின் என்கார்னேசியன் பால்டிமோருக்கு எதிராகப் பதினோராவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன் ஞாபகம் இருக்கிறதா? அடுத்த மாதம் அவருக்கு நாலு வருடம், 80 மில்லியன் பேசியதாகச் செய்தி வந்தது. சந்தையில் கூடக் கிடைக்கும் என்று அவர் பக்கம் காத்திருந்தது. ரொறன்ரோ காத்திருக்கவில்லை. அவருக்குப் பதிலாக கென்ட்ரிஸ் மொராலெஸை 33 மில்லியனுக்கு எடுத்துவிட்டு அந்தக் கதவைச் சாத்தியது. எட்வின் கடைசியில் மூன்று வருடம், 60 மில்லியனுக்குக் கிளீவ்லாண்ட் போனார். அவருக்கு 20 மில்லியன் நட்டம், நமக்கு எட்வினே நட்டம். அந்தக் குளிர்காலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவையும் யாராவது அவசரப்பட்டு ஒரு மொராலெஸைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். மூன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் விளாடியை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதலாம் பேஸுக்கு நடக்க விட்டது. அடுத்து வரும் போவோடு மோதலாம் என்று பந்துவீசிய ஓடானிக்குத் துணிவு. காரணம் இருந்தது: செப்டெம்பர் 6ஆம் திகதி யாங்கீஸின் கச்சரோடு (ஹோமில் பந்து பிடிப்பவர்) மோதி முழங்கால் போய், உலகத் தொடர் தொடங்கும்வரை போ மைதானத்தையே காணவில்லை. பெரிய லீக்கில் அதுவரை நின்றே இராத இரண்டாம் பேஸில் அவரை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காலோடு நின்றுகொண்டுதான் பந்தை நடு மைதானத்துக்கு மேலால் அனுப்பினார். 3-0. அப்புறம் ஒன்பதாவது இன்னிங்ஸில் மறுபடி முதலாம் பேஸ்வரை போனவருக்குப் பதிலாக ஓட, கைனர்-ஃபலேஃபாவை இறக்கினார்கள். அவர் ஹோமில் ஒரு சாண் இடைவெளியில் அவுட் ஆனது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. போவின் கால் நன்றாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

இனி என் கருத்து: சீஸை எடுத்தது நல்லது, ஆனால் ஏழு வருடம் என்பது பந்துவீசும் ஒரு கைக்கு நீண்ட காலம். அதைக் கொடுக்கத் துணிந்தவர்கள் போவுக்கு ஆறு வருடம் கொடுக்கத் தயங்கக்கூடாது. ஷோர்ட்ஸ்டொப் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லவேண்டும். அந்த இடத்தில் நம்மிடம் உள்ள ஹிமெனெஸ் நிற்கட்டும், போ இரண்டாம் பேஸுக்கு வரட்டும். போவுக்குத் தடுப்பாட்டம் எப்போதும் சுமார்தான். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வரட்டும்.

விளாடியின் 500 மில்லியனும் இதே கணக்குத்தான். 2026இல் தொடங்கி 14 வருடம். முடியும்போது அவருக்கு 40 வயது. முதலாம் பேஸில் நிற்கிற ஒருவருக்குக் கடைசி நாலைந்து வருடம் பார்க்கச் சகிக்காது, அது எல்லோருக்கும் தெரியும். 2025 ஒக்டோபரில் .397 சராசரி, எட்டு ஹோம் ரன் என்று ஆடினாரே, அதற்கான விலையை 2038இல் கட்டப்போகிறோம். எனக்குச் சம்மதம்.

டொட்ஜர்ஸ் பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓடானியின் 700 மில்லியனில் 680 மில்லியன் 2034இலிருந்துதான் அவர் கைக்குப் போகும், வட்டியில்லாமல். பத்து வருடமும் ஆண்டுக்கு 2 மில்லியன்தான் எடுக்கிறார். இது கள்ளத்தனம் என்கிறார்கள். விதியில் எந்த அணிக்கும் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் அணிகள் கட்டும் ஆடம்பர வரிக் கணக்கிலும் ஆண்டுக்குச் சுமார் 46 மில்லியன் என்று ஏறுகிறது. மற்றவர்களும் செய்யலாம். செய்ய மனமில்லாத முதலாளிகள்தான் உச்சவரம்பு வேண்டும் என்று கூவுகிறார்கள்.

உச்சவரம்பு வந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? ஹொக்கியில் 2005 முதல் அது இருக்கிறது. 2024, 2025 இரண்டு வருடமும் கிண்ணம் புளோரிடா பாந்தர்ஸுக்கு. அதே இரண்டு வருடம்தான் டொட்ஜர்ஸும் வென்றது. நம்முடைய மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக எப்போது வென்றது என்று நான் எழுதப்போவதில்லை, வயிறு எரியும்.

செலவழிக்காத முதலாளி ஒரு ஊரை என்ன செய்வான் என்பதற்குக் கனடாவிலேயே சாட்சி இருக்கிறது. 1994இல் வேலைநிறுத்தம் வந்து ஆட்டம் நின்றபோது மொன்றியல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிக்கும் மேலே நின்றது. அடுத்த ஏப்ரலில் காசு மிச்சம் பிடிக்க கென் ஹில், வெட்டலாண்ட், கிரிஸம் மூவரையும் சில நாட்களுக்குள் தள்ளிவிட்டார்கள். இந்த நாட்டுப் பிள்ளையான லாரி வாக்கரைக் கொலராடோவுக்குப் போக விட்டார்கள். பத்து வருடத்தில் அணியே ஊரைவிட்டு வோஷிங்டனுக்குப் போய்விட்டது. எந்த ஆட்டக்காரரின் பேராசையாலும் மொன்றியல் அழியவில்லை. விளாடி அந்த நகரத்தில் பிறந்தவர், தகப்பன் எக்ஸ்போஸுக்கு ஆடிய காலத்தில். அவருக்கு ரொறன்ரோ காசை எண்ணிக் கொடுத்தபோது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது அதனால்தான்.

2026 டிசம்பர் 1ஆம் திகதி ஆட்டக்காரர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம் முடிகிறது. அப்போது உச்சவரம்புச் சண்டை பெரிதாக வரும். 2021இல் முதலாளிகள் வாசலைப் பூட்டி 99 நாள் வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம்மைக் கடைசியில் கவிழ்த்தது யார்? ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் ஆனபின் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்த டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ். எந்தக் குளிர்காலத்திலும் அவர் பெயரைத் தலைப்பில் போட்டு யாரும் நித்திரை கெட்டதில்லை.

வதந்திகளையும் கொஞ்சம் குறையுங்கள். 2023 டிசம்பர் 8ஆம் திகதி கலிபோர்னியாவிலிருந்து பியர்சன் விமான நிலையத்துக்கு வந்த ஒரு சின்ன ஜெட்டை இந்த நகரமே திரையில் பின்தொடர்ந்தது. ஓடானி வருகிறார் என்று பெரிய செய்தியாளர்களும் எழுதினார்கள். இறங்கியவர் ரொபர்ட் ஹெர்யாவெக் என்ற தொலைக்காட்சி வியாபாரி. மறுநாள் ஓடானி டொட்ஜர்ஸ் என்று அறிவித்தார். ஜப்பான் பந்துவீச்சாளர் ரோக்கி சசாக்கி விஷயம் இன்னும் வேடிக்கை. அவருக்குக் கொடுக்கக்கூடிய தொகையைக் கூட்டவேண்டும் என்று 2025 ஜனவரி 17ஆம் திகதி கிளீவ்லாண்டிடம், வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட தொகையில் 2 மில்லியன் ஒதுக்கீடு வாங்கினார்கள், அதற்காக மைல்ஸ் ஸ்ட்ரோ என்ற ஆட்டக்காரரையும் சம்பளத்தோடு பொறுப்பெடுத்தார்கள். அதே நாள் சசாக்கி லொஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். ஸ்ட்ரோ மட்டும் நம்மிடம் மிஞ்சினார். மனிதர் பந்து பிடிப்பதில் கெட்டிக்காரர், உலகத் தொடர் அணியில்கூட இருந்தார்.

"ரொறன்ரோ ஆர்வம் காட்டுகிறது" என்று வந்தால் முதலில் யோசிக்கவேண்டியது, இதைச் சொன்னதால் யாருக்கு விலை ஏறுகிறது என்பது. அதேசமயம் சத்தமில்லாமல் நடந்ததும் உண்டு. 16 மில்லியன் ஒப்பந்தத்தை விட்டு விலகி, சந்தையில் அதைவிடக் கூடக் கேட்டிருக்கக்கூடிய நம் பந்துவீச்சாளர் ஷேன் பீபர், 2025 நவம்பரில் இங்கேயே இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அவரைப் பற்றி ஒரு வதந்தியும் வரவில்லை. விசுவாசம் தேடுகிறவர்கள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கடைசியாக, போ யாங்கீஸுக்குப் போனால்? ஹுவான் சோட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். யாங்கீஸ் 16 வருடம், 760 மில்லியன் கொடுக்கத் தயாராக இருந்தும் 765 மில்லியனுக்கு மெட்ஸிடம் போனார். 2025 மே 16ஆம் திகதி யாங்கீ மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது கூட்டம் முழுக்கக் கூ அடித்தது. அவர் வலது மைதானத்தில் நின்றபோது பின்னாலிருந்த ரசிகர்கள் ஒன்றாகத் திரும்பி முதுகைக் காட்டினார்கள். மட்டை பிடிக்க வந்த முதல் தடவை சோட்டோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கூட்டத்துக்குக் காட்டினார். இரண்டு பக்கமும் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ரசிகனுக்குக் கத்துவதற்கு உரிமை உண்டு, ரிக்கற் காசு கொடுத்திருக்கிறான்.

போ அந்தக் கோடு போட்ட உடுப்போடு ரோஜர்ஸ் சென்டருக்கு வந்தால், முதல் தடவை நான் எழும்பி நின்று கை தட்டுவேன். அடுத்த தடவை மட்டை பிடிக்க வரும்போது, பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இல்லாவிட்டால், நீங்கள் சொல்லப்போகும் வார்த்தைகளை நானும் சேர்ந்து கத்துகிறேன்.

அன்புடன்.