மெதுவாகிப்போன லேப்டாப்: கிளீனர் வாங்கலாமா?

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஆறு வயது. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் வேலை தொடங்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டுகிறது, டி டிரைவ் காலியாகத்தான் கிடக்கிறது. 'ஒரே கிளிக்கில் வேகம்' என்று ஒரு கிளீனர் செயலி ஆண்டுச் சந்தா கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அது செய்யும் உருப்படியான வேலையெல்லாம் விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் இடம்) சுத்தம் செய்கிறேன் என்று வருபவற்றை நிறுவவே வேண்டாம். வேகம் அதிகரிக்காது, எதையாவது தவறாக அழித்தால் கணினி திறக்காமலே போகலாம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் போய் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியலைப் பாருங்கள். அண்மையில் பெரிய அப்டேட் ஏறியிருந்தால் பழைய விண்டோஸின் நகல் பல ஜிபியைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியது ஒழுங்காக ஓடுகிறதென்றால் அதை அழிக்கலாம். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும்; அதை டிக் செய்தால் நீங்கள் இறக்கி வைத்த ரசீதுகளும் படிவங்களும் சேர்ந்தே போய்விடும், கவனம். டெஸ்க்டாப்பில் குவித்திருப்பதும் சி டிரைவில்தான் இருக்கிறது. வீடியோக்களை டி டிரைவுக்கு மாற்றினாலே சிவப்பு மறையும்.

ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் வேகம் வந்துவிடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள்; ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் குற்றவாளி அந்த ஹார்டு டிஸ்க்தான். அதற்குள் சுழலும் தட்டின் மேல் ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்து ஒவ்வொரு சிறு கோப்பையும் தேட வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் நகரும் பாகமே கிடையாது, அதனால் வேகம். காசு செலவழிப்பதென்றால் முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள், அடுத்து ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். சில மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன் ஒன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டி, விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். ஏறாது என்றால் இந்த லேப்டாப்பில் பெரிய தொகையைப் போடாதீர்கள்; புதியதற்குச் சேர்த்து வையுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றும் முன் எல்லாவற்றையும் வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கோப்புகளெல்லாம் அதில் அப்படியே இருக்கும்.