அரசு நானோ ஆய்வுக்கூடத்தை யார் சோதிப்பது? – கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அளவீட்டுப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். அரசு நானோ ஆய்வுக்கூடங்களை வெளி நிபுணர்கள் எப்படி மதிப்பாய்வு செய்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. உதாரணத்துக்கு அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன், சுருக்கமாக நிஸ்ட். அங்கே இந்த வழக்கம் பழையது, அறிக்கைகளும் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கின்றன.

செந்தூல், கணக்காளர்: கணக்காய்வாளர்கள்தாம் இருக்கிறார்களே, தனியாக நிபுணர் குழு எதற்கு ஐயா?

பணம் விதிப்படி செலவானதா என்பதைக் கணக்காய்வாளர் பார்ப்பார். எலக்ட்ரான் நுண்ணோக்கியை முறையாக டெண்டர் விட்டு வாங்கினார்களா என்பதும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அந்தக் கருவி தரும் அளவு நம்பத்தக்கதா, அதே வேலையை வேறு நாட்டில் இன்னும் நன்றாகச் செய்கிறார்களா என்பதை அந்தத் துறையிலேயே உழைப்பவர்தான் சொல்ல முடியும். நிஸ்டின் ஆய்வுக்கூடங்களை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் கீழ் அமையும் நிபுணர் குழுக்கள் 1959 முதல் மதிப்பிட்டு வருகின்றன. உலகத் தரத்தோடு ஒப்பிட்டால் ஆய்வு எங்கே நிற்கிறது, ஆட்களும் கருவிகளும் கட்டடமும் போதுமா, எடுத்துக்கொண்ட இலக்கு நிறைவேறியதா என்று பார்ப்பார்கள்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: குழுவுக்கான செலவை அந்த நிறுவனமே கொடுத்தால், குழு எப்படி நடுநிலையாக இருக்கும்?

கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. செலவை நிஸ்ட்தான் ஏற்கிறது. ஆனால் யார் குழுவில் உட்கார வேண்டும் என்று நிஸ்ட் முடிவு செய்வதில்லை. முன்பு சொன்ன தேசிய அறிவியல் கழகம்தான் முடிவு செய்கிறது. 1863இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் அரசுத் துறை அன்று. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, பயணச் செலவு மட்டும் உண்டு. ஆய்வுக்கூடத்தோடு தங்களுக்குப் பணத் தொடர்போ வேலைத் தொடர்போ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்த வரைவைக் குழுவில் இல்லாத வேறு நிபுணர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். அதன் பிறகு அறிக்கை வெளியாகும். அதில் உள்ள முடிவுகளைத் திருத்தும் உரிமை பணம் கொடுத்தவருக்கு இல்லை.

இவற்றில் நான் உயிராக நினைப்பது, அறிக்கை திருத்தப்படாமல் வெளியாகும் இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான். குழுவில் எவ்வளவு பெரிய பேராசிரியர்கள் இருந்தாலும், அறிக்கை ஓர் அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டால் அந்த உழைப்பு யாருக்கும் பயன்படாது.

கெளுகோர், இயற்பியல் மாணவர்: குழு நேரில் வந்து எதைப் பார்க்கும் அண்ணா? அளவு பார்க்கும் கூடத்தில் சோதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது தம்பி. கருவிகளைச் சரிபார்க்க நிஸ்ட் வெளியிட்ட தங்கத் துகள் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8011 என்று எண்ணிட்ட அந்தக் கரைசலில் துகளின் பெயரளவு விட்டம் 10 நானோமீட்டர்; ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதற்கு 8.9 என்று அளவு சொல்கிறது. ஒளிச்சிதறல் முறையோ 13.5 என்கிறது. இரண்டுமே சரி. நுண்ணோக்கி உலோக உடலை மட்டும் பார்க்கிறது. ஒளிச்சிதறல், துகள் நீரில் நகரும்போது அதைச் சுற்றி ஒட்டியிருப்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஆகவே எந்த முறையில் எடுத்த எண் என்று சொல்லாமல் "10 நானோமீட்டர்" என்று அறிக்கை எழுதும் ஆய்வுக்கூடத்தை நல்ல குழு அங்கேயே நிறுத்திக் கேட்கும்.

நிஸ்ட் 2007இல் நானோ அறிவியலுக்கென்று தனி மையம் தொடங்கியது. வெளியாரும் வந்து பயன்படுத்தும் நானோ உற்பத்திக் கூடம் ஒன்றும் அதில் அமைந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நானாக இருந்தால் முதலில் கருவிகளின் பதிவேட்டைக் கேட்பேன். எந்த இயந்திரம் எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது, வரிசையில் யார் காத்திருந்தார்கள், பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தானா, அவர் ஓய்வுபெற்றால் அடுத்து யார்? கிளீன்ரூமின், அதாவது தூசியைக் கட்டுப்படுத்திய வேலை அறையின், தூசி அளவையும் கேட்பேன். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 5ஆம் வகை அறை என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் (ஒரு மைக்ரான் 1,000 நானோமீட்டர்) அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520ஐத் தாண்டக்கூடாது. திறப்பு விழாவன்று எடுத்த எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது? ஆட்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்தது வேண்டும்.

பிறை, தரக்கட்டுப்பாட்டு அதிகாரி: ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருந்தால் போதாதா?

போதாது. குறிப்பிட்ட சோதனைகளைச் செய்யும் திறமை இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த ஆய்வு செய்யத் தகுந்ததுதானா என்பதை அது பார்க்காது.

பிரிக்பீல்ட்ஸ், முனைவர் பட்ட மாணவி: இளைய ஆய்வாளர்கள் மேலாளர் முன்னால் உண்மையைப் பேசுவார்களா?

பேச மாட்டார்கள் தங்கை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் நல்ல குழு அவர்களைத் தனியாக, இயக்குநர் இல்லாத அறையில் சந்திக்கும். மதிப்பாய்வு அட்டவணையில் அந்தச் சந்திப்புக்கு நேரம் ஒதுக்கப்படாவிட்டால், நாள் முழுக்கத் திரையில் அழகான படங்களைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

செபுத்தே, வாசகர்: நம் நாட்டில் இதை எப்படிக் கேட்பது?

மலேசியாவில் நானோ தொழில்நுட்பத்தை வளர்க்கும் அரசு நிறுவனமான நானோமலேசியா 2011இல் அமைந்தது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இங்கே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் நானோ மின்னணு ஆய்வு நடக்கிறது. புக்கிட் ஜாலிலில் அரசின் மின்னணு ஆய்வு நிறுவனமான மிமோஸ் இருக்கிறது. இவை எல்லாம் நம் வரிப்பணத்தில் வளர்ந்தவை, நம் பிள்ளைகள் வேலைக்குப் போகக்கூடிய இடங்கள். மதிப்பாய்வுக் குழுவில் யார் இருந்தார்கள், என்ன எழுதினார்கள், அதற்கு ஆய்வுக்கூடம் என்ன பதில் சொன்னது என்று நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் கேட்கலாம். எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்று மட்டும் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். கூடத்தைப் பயன்படுத்திய தொழிற்சாலைகள் மறுபடியும் வந்தனவா என்றும் கேளுங்கள்.

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் நானோ திட்டம் முழுவதையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் மதிப்பிட வேண்டும் என்று எழுதியே வைத்தது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் ஆசை.

பாயான் லெப்பாஸ், சிறு நிறுவன உரிமையாளர்: அரசுக் கூடத்தில் வேலை செய்தால் எங்கள் தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா?

நிஸ்டின் நானோ கூடத்தில் ரகசிய வேலைக்கு இடம் உண்டு, ஆனால் முழுச் செலவையும் நிறுவனமே கட்ட வேண்டும். நம் ஊரில் எந்தக் கூடத்துக்குப் போனாலும், மாதிரியைக் கையில் கொடுப்பதற்கு முன் தரவு யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.