‘கொஞ்ச நாளைக்குத்தானே’ என்று கேட்டவருக்கு

கேள்வி: போர், பயங்கரவாதம் மாதிரி நெருக்கடி வரும்போது மக்களின் உரிமைகளைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்தால் என்ன தவறு? நாடு இருந்தால்தானே உரிமை?

நீங்கள் இளைஞராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து யாரையும் காரணம் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனதில்லை என்றும் நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் ‘கொஞ்ச நாளைக்கு’ கண்ணில் பட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

1976-ல் எனக்குப் பத்து வயது. அப்பா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். ஒரு டிரெடில் மெஷின், சில கேஸ் ஈய எழுத்து, கம்போஸ் பண்ண ஒரே ஒரு ஆள். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கருமாதிப் பத்திரிகை இதெல்லாம்தான் வேலை. கூட்டம் போடுகிறவர்கள் வந்தால் பிட் நோட்டீஸும் அடிப்பார். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டார். 1975 ஜூன் 25 இரவே நெருக்கடி நிலை வந்துவிட்டது என்றாலும், தமிழ்நாட்டில் திமுக ஆட்சி இருந்தவரை அதன் சூடு எங்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. நெருக்கடி நிலையைக் கண்டிக்கிற நோட்டீஸ்களையும் அப்பா அடித்துக் கொடுத்திருக்கிறார்.

1976 ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைத்தார்கள். அந்த வாரமே ஒரு சாயங்காலம் எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தார். தெரிந்தவர்தான். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையே எங்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள். அம்மாவிடம், “கொஞ்ச நேரந்தான்க்கா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அனுப்பிருவாங்க” என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். திரும்பி வந்தது 1977 ஜனவரி கடைசியில், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு.

பிடித்தது மிசாவில். உள்நாட்டுப் பாதுகாப்புக்கு என்று சொல்லி 1971-ல் கொண்டுவந்த சட்டம் அது. நெருக்கடி நிலையில் அதைத் திருத்தி, எதற்காகப் பிடித்தோம் என்று பிடிபட்டவரிடமே சொல்ல வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அம்மா ஸ்டேஷனுக்கு நாலு தடவை போனார். “என்ன தப்புங்க பண்ணினாரு?” என்று கேட்டதற்கு, “எங்களுக்கே தெரியாதும்மா, மேலேருந்து வந்த உத்தரவு” என்றுதான் பதில். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போது செய்தித் தணிக்கை இருந்ததால் யார் யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது. கருணாநிதி, பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளுக்கு வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பட்டியல் போட்டார். அதுதான் கைதானவர்களின் பட்டியல். பல குடும்பங்களுக்கு அது ஓர் ஆறுதல். அப்பா எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இல்லாதவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

அம்மா வளையலை விற்று ஒரு வக்கீலைப் பிடித்தார். ஆட்கொணர்வு மனு போட்டால் எதற்காக அடைத்தார்கள் என்று நீதிபதியாவது கேட்பார் என்றார் வக்கீல். அதில் நியாயம் இருந்தது. நாட்டில் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அப்படிக் கேட்கலாம் என்றுதான் சொல்லியிருந்தன. மனுவை டைப் அடித்து அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அதற்குள் ஏப்ரல் 28-ம் தேதி ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. நெருக்கடி நிலை இருக்கும்வரை அடைபட்டவர் யாரும் கோர்ட்டுக்கு வந்து கேட்க முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொல்லிவிட்டார்கள். மறுத்தவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட வழி இல்லையா என்று அவர் விசாரணையில் கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். அடுத்த ஜனவரியில் கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். அம்மாவின் மனுவை வக்கீல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பீஸில் பாதியையும் கொடுத்தார், நல்ல மனிதர்.

அப்பா வந்தபோது அச்சகம் இல்லை. வாடகை நின்றதும் கட்டடக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எழுத்துகளை ஈய விலைக்கு எடை போட்டுக் கொடுத்திருந்தோம். அதற்கப்புறம் அப்பா வேறொருவர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலைக்குப் போனார். கடைசிவரை அந்த வேலைதான். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்கில் மிசாவில் மட்டும் 34,988 பேர் அடைபட்டார்கள். அவர்கள் எல்லாருமே தலைவர்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. அந்த ஒரு வருஷம் எங்கள் தெருவுக்குள் வரவே பயந்த சொந்தக்காரர்கள் இன்றைக்குக் கல்யாண வீட்டில் என்னைக் காட்டி, “மிசா குடும்பமாக்கும்” என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயந்ததைக் குறை சொல்லவில்லை, யாருக்கும் பயம் வரும். ஆனால் அம்மா அரைப்படி அரிசிக்குக் கடன் கேட்டு வாசலில் நின்றபோது கதவைக்கூடத் திறக்கவில்லை. அதை மறந்துவிட்டுப் பெருமை மட்டும் பங்கு போட வருவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இது போர் இல்லையே, அரசியல் நெருக்கடிதானே என்று சிலர் கீழே எழுதுவார்கள். போர்க் கணக்கையே பாருங்கள். 1962-ல் சீனப் போருக்காக அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சண்டை நின்றது. நெருக்கடி நிலை நீங்கியது 1968 ஜனவரியில். அந்தப் போருக்காக வந்த பாதுகாப்புச் சட்டத்தில்தான் 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகக் கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். இந்திக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்? 1971 டிசம்பர் 3-ம் தேதி பாகிஸ்தான் போருக்காக மறுபடி ஒன்று. போர் 16-ம் தேதி முடிந்துவிட்டது. அந்த நெருக்கடி நிலை 1977 மார்ச் வரை நீக்கப்படவே இல்லை. 1975-ல் வந்தது அதற்கு மேல் இரண்டாவது.

நான் ராணுவத்துக்கு விரோதி என்று யாரும் சொல்ல வேண்டாம். என் அண்ணன் மகன் ராணுவத்தில் இருக்கிறான். படை எங்கே நகர்கிறது என்று பத்திரிகையில் எழுதக் கூடாது, எல்லை ஊர்களில் இரவில் விளக்கு எரியக் கூடாது, இதிலெல்லாம் எனக்குச் சண்டையே இல்லை. குண்டு வைக்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிடித்தால் எதற்கு என்று சொல்லுங்கள், ஒரு நீதிபதி முன்னால் நிறுத்துங்கள், போட்ட உத்தரவு எந்தத் தேதியில் முடியும் என்று அதிலேயே எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டுதான் 1978-ல் அரசியல் சட்டத்துக்கு 44-வது திருத்தம் கொண்டுவந்தார்கள். இப்போது நெருக்கடி நிலை போட அமைச்சரவை எழுத்தில் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். வெறும் ‘உள்நாட்டுக் குழப்பம்’ போதாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பையும் 2017-ல் உச்ச நீதிமன்றமே தவறு என்று தள்ளிவிட்டது. அப்பா அதைப் பார்க்க இல்லை.

ஆனால் அதே திருத்தத்தில் 3-வது பிரிவு என்று ஒன்று உண்டு. அடைத்தது சரிதானா என்று பார்க்கிற ஆலோசனைக் குழுவிடம் கேட்காமல் ஒருவரைத் தடுப்புக் காவலில், அதாவது வழக்கு விசாரணை இல்லாமல், மூன்று மாதம் வைக்கலாம் என்பதை அது இரண்டு மாதமாகக் குறைக்கிறது. அந்தக் குழுவுக்குப் பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்று மத்திய அரசு அறிவித்தால் போதும். அதற்குப் பிறகு எத்தனையோ கட்சிகள் தில்லியில் ஆண்டுவிட்டன. நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை, எல்லாரையும்தான் சொல்கிறேன். ஒருவரும் அந்தத் தேதியை இன்னும் அறிவிக்கவில்லை.